டப் இசையும் ஆம்பியன்ட் இசையும் சேரும்போது: எந்தத் தொகுப்பில் தொடங்கலாம்?

டப் என்பது ரெகே பாடல்களின் பேஸையும் (தாழ்ந்த சுருதி ஒலி) தாளத்தையும் முன்னிறுத்தி எதிரொலி சேர்க்கும் ஜமைக்க இசை; ஆம்பியன்ட் என்பது தாளத்தைவிடச் சூழலுணர்வை முதன்மையாகக் கொண்ட மென்மையான இசை. இவ்விரு இசை வகைகளின் கூட்டைக் கேட்கத் தொடங்குவோர் பெரும்பாலும் இரண்டு தொகுப்புகளுக்கு இடையே தயங்குகிறார்கள்: பிரிட்டனின் மின்னணு இசைக் குழுவான தி ஆர்ப், ஜமைக்காவின் டப் இசைக் கலைஞர் லீ 'ஸ்க்ராட்ச்' பெரியுடன் 2012இல் வெளியிட்ட 'தி ஆர்ப்சர்வர் இன் த ஸ்டார் ஹவுஸ்'; பெர்லினின் ரிதம் அண்ட் சவுண்ட் இரட்டையர் 2003இல் வெளியிட்ட 'வித் தி ஆர்ட்டிஸ்ட்ஸ்'.

குரல்: முன்னதில் எழுபது வயதைக் கடந்த பெரி, பாட்டுக்கும் பிதற்றலுக்கும் நடுவே மனம்போன போக்கில் பேசிச் செல்கிறார். பின்னதில் கார்னல் கேம்பல், ஜெனிஃபர் லாரா, பால் செயின்ட் ஹிலேர் முதலியோர் பாட்டுக்கு ஒருவராகப் பாடுகின்றனர்.

ஒலி: ஆர்ப்பின் ஒலி துள்ளலும் வேடிக்கையும் கொண்டது. ரிதம் அண்ட் சவுண்ட் இரட்டையரான மோரிட்ஸ் வான் ஓஸ்வால்டும் மார்க் எர்னஸ்டஸும் அமைத்த ஒலியோ, ஆழ்ந்த பேஸையும் இரைச்சல் படிந்த எதிரொலியையும் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ஒரே தாளச் சுழற்சியை நிமிடக்கணக்கில் மிக மெல்ல மாற்றிக்கொண்டே செல்வதால், சிறிய ஸ்பீக்கரில் கேட்டால் பாதி காணாமல் போய்விடும்.

எளிமை: ஆர்ப் முதல்முறை கேட்கும்போதே பிடிபடும், மற்றதற்குப் பொறுமை வேண்டும்.

பெரியின் விசித்திரத்தை ரசிப்பவருக்கு முன்னது பொருந்தும். நல்ல ஹெட்போனும் நீண்ட இரவும் உள்ளவருக்குப் பின்னதையே பரிந்துரைப்பேன். குரல் வேண்டாதவருக்கு அதன் தாளங்கள் மட்டும் 'தி வெர்ஷன்ஸ்' என்று தனித்தொகுப்பாகவும் கிடைக்கின்றன.