கிரைண்டர் அசல், காரணம் போலி

போன மாதம் கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் எடுத்தேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் எழுத வந்ததில் முக்கால்வாசி அங்கே கேட்ட பேச்சைப் பற்றித்தான்.

பழைய கிரைண்டரில் மூன்றாம் முறையாக பெல்ட் அறுந்ததும், அத்தையும் நானும் அவினாசியில் பஸ் ஏறினோம். "வாங்கம்மிணி, உட்காருங்க" என்று மோர் கொடுத்தார்கள். அதற்கு முழு மதிப்பெண்.

அப்புறம் விற்பனைக்கு நின்ற தம்பி ஆரம்பித்தார்.

"இது நல்ல கம்பெனிங்களா?" என்று கேட்டேன்.

"அருமையான கம்பெனிங்க. மோட்டார் அப்படிப் போடுவாங்க."

"மோட்டார் நல்லா இருக்கும்னு எப்படிங்க தெரியும்?"

"அந்தக் கம்பெனி மோட்டாருங்களே, அப்புறமென்ன?"

செக்குமாடு சுற்றினாலாவது எண்ணெய் வரும்.

நான் தமிழாசிரியை. மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள், காரணம் போலத் தோன்றும் பிழையான ஏதுப் போலி 14, பொருந்தாத உதாரணமான எடுத்துக்காட்டுப் போலி 10 என்று எண்ணிச் சொல்லும் இடத்தைப் படித்ததிலிருந்து, யார் காரணம் சொன்னாலும் விரல்விட்டு எண்ணும் கெட்ட பழக்கம் வந்துவிட்டது. மலையில் புகை தெரிகிறது, அதனால் நெருப்பு இருக்கிறது, அடுக்களையைப் போல. இது சரியான காரணம். கடைத் தம்பி சொன்னதில் புகையே இல்லை.

"நூத்துக்குத் தொண்ணூறு பேர் இதத்தானுங்க எடுக்கறாங்க" என்றார். எடுத்தவர்களில் எத்தனை பேர் திரும்ப ரிப்பேருக்குக் கொண்டு வந்தார்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார். அடுத்து ஊர்ப் பெருமை. 1955இல் சபாபதி என்பவர் முதல் கிரைண்டரைச் செய்தது இந்தக் கோவையில்தான், கோயமுத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. எல்லாம் உண்மை, எனக்கும் பெருமைதான். ஆனால் குறியீடு ஊருக்குப் பொதுவானது. என் முன்னால் இருந்த பெட்டியின் மோட்டாருக்கு அது எப்படி ஜாமீன் நிற்கும்? இதைக் கேட்டதும், "டீச்சருங்களா? அதுதான் எல்லாத்துலயும் சந்தேகம்" என்றார். கேள்வி அங்கேயே கிடந்தது, பதில் என் டீச்சர் வேலையின் மேல் பாய்ந்துவிட்டது. கடைசியாக, "ஒண்ணு இத எடுங்க, இல்லீன்னா மிக்சியிலயே அரைச்சுக்கங்க." நடுவில் இருபது மாடல் அடுக்கி வைத்திருந்த அலமாரியை அவரே மறைத்துக்கொண்டு நின்றார்.

எடுக்காமல் வெளியே வந்துவிட்டேன். ஜெயித்த நினைப்பு வேறு.

அத்தை இவ்வளவு நேரமும் வாய் திறக்கவில்லை. கல்லைத் தூக்கிக் காட்டச் சொல்லி விரலால் தடவிப் பார்த்தார், வெறுமனே ஓட்டச் சொல்லிச் சத்தம் கேட்டார், அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது, "ஏங்கண்ணு, அவனுக்குப் பேசத் தெரீலீன்னா கிரைண்டர் அரைக்காதா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தம்பி சொன்ன காரணங்கள் போலி, ஆகவே கிரைண்டரும் மட்டம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அதுவும் போலிதானே. நூற்றுக்கு நூறு என் சொந்தத் தயாரிப்பு.

அடுத்த சனிக்கிழமை போய் அதையே எடுத்தோம், 6,800 ரூபாய். கல் தூசி போக முதலில் ஒரு பிடி அரிசியை அரைத்துக் கொட்டினோம். இப்போது உளுந்து அரை மணி நேரத்தில் பொங்கி வருகிறது, மாவு சூடாவதில்லை, பக்கத்து அறையில் பாடம் நடத்தும் அளவுக்குச் சத்தமும் குறைவு. குறை என்றால் ஒயர் குட்டை. மூடியும் சரியாக உட்காராமல் ஆடுகிறது. இட்லியைப் பற்றி அத்தை இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது பாராட்டு.

போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். "அஞ்சு வருசம் வாரண்டிங்க" என்றால் எதற்கு என்று கேளுங்கள். எங்கள் அட்டையில் அது மோட்டாருக்கு மட்டும். மற்றதற்கு 2 வருடம். பெல்ட் எதிலும் சேராது என்பது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.