ஷவல்ஹெட் விற்பனை: எண்ணும் எண்ணெயும்

ஹார்லி டேவிட்சன் ஷவல்ஹெட் இன்ஜின் 1966 முதல் 1984 வரை வந்தது. பத்து வருடம் அதை வைத்திருந்தவருக்கு அதன் ஒழுகலும் உதறலும் பழகிப்போயிருக்கும். வாங்க வருபவருக்குப் பழகியிருக்காது. அந்தப் பயத்தில்தான் பலர் விற்கும் முன் பெயின்ட், குரோம் என்று பணத்தைக் கொட்டுகிறார்கள். தேவையில்லாத வேலை. கீறல் விழுந்த ஃபேக்டரி பெயின்ட்டுக்கு இருக்கும் மரியாதை புதுப் பெயின்ட்டுக்குக் கிடையாது. டேங்கில் ஏஎம்எஃப் என்று இருந்தால் (1969 முதல் 1981 வரை ஹார்லி கம்பெனி ஏஎம்எஃப் என்ற நிறுவனத்தின் கையில் இருந்தது) அதையும் மறைக்க வேண்டாம். அந்தக் காலத்து வண்டிகளைத் திட்டுபவர்களே தேடி வந்து வாங்கவும் செய்கிறார்கள்.

விவரம் தெரிந்தவர் வந்ததும் குனிவது கிராங்க் கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) பக்கம்தான். 1969 வரையிலான வண்டிகளில் பிரேமில் எண் கிடையாது. இடது கேஸில், இரண்டு சிலிண்டருக்கும் நடுவே உள்ள மேடையில் அடித்திருக்கும் இன்ஜின் எண்தான் வண்டியின் எண். டைட்டிலிலும் (வண்டியின் உரிமைப் பத்திரம்) அதுவே இருக்க வேண்டும். 1970 முதல் பிரேமிலும் இன்ஜினிலும் எண் உண்டு. இரண்டையும் டைட்டிலோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். 17 இலக்க எண் 1981-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய வண்டியின் எண் குட்டையாக இருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் மிரளுவார்கள், சொல்லிவிடுங்கள்.

எண் இருக்கும் இடத்தைத் துணியும் கரைப்பானும் கொண்டு மட்டும் துடையுங்கள். ஒயர் பிரஷ், பாலிஷ் எதுவும் படக்கூடாது. வழவழவென்று தேய்ந்த மேடையைப் பார்த்தாலே ‘எண்ணை அழித்து மறுபடி அடித்திருக்கிறார்கள்’ என்ற சந்தேகம் வரும். அப்புறம் என்ன சொன்னாலும் எடுபடாது. கேஸின் அடிவயிற்றிலும் இரு பாதிகளுக்கும் எண் உண்டு. அவை பொருந்தாவிட்டால் ஒரு பாதி மாற்றப்பட்டது என்று அர்த்தம். ஜோடியாகக் கடைந்த கேஸ்கள் என்பதால் பேரிங் நேர்கோட்டில் உட்கார்ந்திருக்கிறதா என்ற கேள்வி எழும். வண்டி ஓடும், விலை இறங்கும். அந்த எண்களின் போட்டோவை நீங்களே முதலில் காட்டிவிடுவது நல்லது.

அடுத்து எண்ணெய். ஷவல்ஹெட்டில் ஆயில் தனி டேங்கில் இருக்கும். பம்ப்பிலுள்ள செக் பால் (ஆயில் தானாக இறங்காமல் அடைக்கும் குண்டு) சரியாக உட்காராவிட்டால், நிறுத்திவைத்த வாரங்களில் ஆயில் மெல்ல இறங்கிக் கிராங்க் கேஸில் தேங்கும். டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்தால் அளவு குறைவாகத் தெரியும். ‘ஆயில் குறைந்துவிட்டது’ என்று மேலே ஊற்றினால் போச்சு: ஸ்டார்ட் ஆனதும் மிச்ச ஆயில் பிரீதர் (இன்ஜின் காற்றை வெளியே விடும் குழாய்) வழியே கொட்டும், வந்தவரின் ஷூ நனையும். முதலில் கிராங்க் கேஸ் டிரெயின் பிளக்கைக் கழற்றி, வருவதை அளவு ஜாடியில் பிடியுங்கள். செக் பாலும் ஸ்பிரிங்கும் பம்ப்பில் வெளியிலிருந்தே எட்டும். இன்ஜினை இறக்க வேண்டாம். பெரும்பாலும் பால் உட்காரும் இடத்தில் ஒட்டிய தூசிதான் காரணம். சுத்தம் செய்து, சூடான இன்ஜினை நிறுத்தியதும் குச்சியில் கோடு போட்டுவையுங்கள். ஒரு வாரம் கழித்து எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். அந்தக் கணக்கை அப்படியே வாங்குபவரிடம் கொடுக்கலாம்.

ஆள் வரும் முன் இன்ஜினைச் சூடேற்றி வைக்காதீர்கள். சிலிண்டரில் கை வைத்துப் பார்ப்பார். குளிர்ந்த இன்ஜினை அவர் கண்ணெதிரே கிளப்புங்கள். ஓடும்போது ஆயில் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால், திரும்பி வரும் ஆயில் விட்டுவிட்டுத் துப்புவது தெரியும். பம்ப் வேலை செய்வதற்கு இதைவிடச் சாட்சி இல்லை. ஐடில் ஏறி இறங்கினால் கார்புரேட்டரைத் திருகுவதற்கு முன் இன்டேக் மேனிஃபோல்டு ஓ ரிங்கைப் பாருங்கள். அங்கே காற்று உறிஞ்சுவது இந்த இன்ஜினின் பரம்பரை வியாதி. கம்ப்ரெஷன் பார்க்கும்போது இரண்டு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துக் கிக் செய்யுங்கள். மூடியே வைத்துப் பார்த்துவிட்டு இன்ஜின் போச்சு என்று பயந்தவர்கள் உண்டு.

கழற்றிவைத்த பழைய கார்புரேட்டர், சைலன்சர், சீட் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு வண்டியோடு கொடுங்கள். தனித்தனியாக விற்றால் கொஞ்சம் காசு அதிகம் வரலாம், வண்டியின் விலை அதைவிட அதிகமாக விழும். லாஸ் வேகஸில் ஜனவரியில் நடக்கும் மீகம் ஏலம் அபூர்வ வண்டிகளுக்குச் சரி. பாகம் மாற்றி ஓட்டிய ஷவல்ஹெட்டுக்குக் கமிஷனும் லாரிச் செலவும் கட்டுப்படியாகாது. வசந்தம் தொடங்கும்போது நேரடியாக விற்பதே மேல்.

பணத்தை வாங்குபவரின் வங்கிக் கவுன்ட்டரிலேயே பெறுங்கள். வங்கியே எழுதித் தரும் கேஷியர்ஸ் செக்கிலும் போலி உண்டு. கையெழுத்தானதும் மோட்டார் வாகனத் துறைக்கு விற்பனையைத் தெரிவிக்க வேண்டும், கலிஃபோர்னியாவில் 5 நாட்களுக்குள். டிரெய்லரில் ஏற்றும்போது கட்டும் பெல்ட்டை ஹேண்டில்பாரில் மாட்ட விடாதீர்கள். கீழ் டிரிபிள் ட்ரீயில் (ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கட்டை) மாட்டி, ஃபோர்க் பாதி அமுங்கும் வரை இழுத்தால் போதும்.