ஏஞ்சல்ஸ் என்வி: போர்ட் பீப்பாயில் ஊறிய பர்பன் எப்படி இருக்கிறது?

ஏஞ்சல்ஸ் என்வி என்ற பர்பனுக்கு, அதாவது மக்காச்சோளத்தில் செய்யும் அமெரிக்க விஸ்கிக்கு, நான் தரும் மதிப்பெண் பத்துக்கு ஏழரை. முதல் கிளாஸ் மட்டும் என்றால் தாராளமாக ஒன்பது தரலாம். பாட்டில் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஏழரை.

நான் சின்சினாட்டியில் இருப்பதால் பாலத்தைத் தாண்டினாலே பர்பனுக்குப் பேர்போன கென்டக்கி மாநிலம். கடையில் பர்பன் வரிசை ஒரு சுவரையே அடைத்திருக்கும். அதில் ஏஞ்சல்ஸ் என்வியைத் தேட வேண்டியதில்லை. பின்பக்கம் இறக்கை வரைந்த அந்த உயரமான பாட்டில் தனியாகத் தெரியும். ஐம்பது டாலருக்கு அக்கம்பக்கம் விலை. ஒன்று தீர்ந்தால் இன்னொன்று என்று வாங்கி, பல பருவங்களாக என் அலமாரியில் இருக்கிறது.

இதை உருவாக்கியவர் லிங்கன் ஹெண்டர்சன். பிரவுன்-ஃபோர்மன் மதுபான நிறுவனத்தில் ஏறக்குறைய நாற்பது வருடம் வேலை பார்த்தவர், வுட்ஃபோர்ட் ரிசர்வ் என்ற பர்பன் உருவானதில் பெரும் பங்கு உள்ளவர். ஓய்வு பெற்றபின் மகன் வெஸ் ஹெண்டர்சனோடு சேர்ந்து இதைத் தொடங்கினார். 2013-இல் லிங்கன் காலமானார். 2015-இல் ஏஞ்சல்ஸ் என்வியைப் பக்கார்டி நிறுவனம் வாங்கியது. கென்டக்கியின் லூயிவில் நகரில், மெயின் ஸ்ட்ரீட்டில், சொந்த வடிப்பாலையை 2016-இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் வந்த பாட்டில்களில் இருந்தது வேறு ஆலைகளில் வடித்த பர்பன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நல்ல சரக்கைத் தேர்ந்தெடுத்து, அதை எந்தப் பீப்பாயில் எத்தனை காலம் வைப்பது என்று முடிவு செய்வதும் ஒரு கைத்திறன்தான்.

பர்பன் என்றால் தானியத்தில் மக்காச்சோளம் குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். இதில் மக்காச்சோளம் 72, ரை என்ற காரச் சுவை தரும் தானியம் 18, மால்ட் பார்லி (முளைகட்டிய பார்லி) 10 சதவீதம். புதுப் பீப்பாயில் சில வருடங்கள் ஊறியபின், ரூபி போர்ட் ஒயின் இருந்த பீப்பாய்களுக்கு மாற்றி மூன்று முதல் ஆறு மாதம் வைக்கிறார்கள். ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாய் என்பதால், போர்ட் பீப்பாயில் முடித்தது என்று லேபிளிலேயே போட்டாக வேண்டும். போர்ட் என்பது போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கு ஒயின். திராட்சைச் சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயம் சேர்த்து நிறுத்திவிடுவதால் சர்க்கரை அதில் தங்கிவிடும். அந்த இனிப்பும் சிவப்புப் பழ வாசனையும் பலகையில் ஊறியிருக்கும். விஸ்கி உள்ளே போனதும் அதைத்தான் இழுத்துக்கொள்கிறது.

கிளாஸில் ஊற்றினால் பழுப்பில் லேசான செம்மை தெரியும். பத்து நிமிடம் விட்டுவிட்டு மூக்கருகே கொண்டுபோனால் முதலில் வனிலா, அடுத்து காய்ந்த திராட்சை, கொஞ்சம் மேப்பிள் பாகு. சாராய நெடி மூக்கைக் குத்தாது. நாவில் படும்போது மென்மை. செர்ரி, பேரீச்சம்பழம், வறுத்த கொட்டைப் பருப்பு, கடைசியில் கசப்புச் சாக்லேட். தொண்டையில் இறங்கும்போது காட்டம் மிகக் குறைவு. பர்பன் பழக்கமே இல்லாத நண்பர்களுக்கு ராவாகக் கொடுத்திருக்கிறேன். ஒருவரும் முகம் சுளித்ததில்லை. வீட்டுக்கு வருபவர்கள் தாமாக எடுத்து ஊற்றிக்கொள்ளும் பாட்டிலும் இதுதான்.

இப்போது ஒன்பதிலிருந்து குறைகிற ஒன்றரை மதிப்பெண்ணுக்கு வருகிறேன். முக்கியக் காரணம் இதன் 43.3 சதவீத ஆல்கஹால். இவ்வளவு பழச்சுவையைத் தாங்க அந்த வலு போதவில்லை. ஒரு பெரிய ஐஸ் கட்டி போட்டால் முதல் ஐந்து நிமிடம் அருமை. கட்டி கரையக் கரைய ஓக் வாசனையும் ரை தரும் காரமும் முதலில் மறைந்து, சர்க்கரைத் தண்ணீர் மாதிரி ஒரு இனிப்பு மட்டும் மிஞ்சும். தண்ணீர் கலப்பதாக இருந்தால் சில சொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் இப்போது கலப்பதே இல்லை.

திறந்த பாட்டிலில் காற்று செய்கிற வேலை இன்னொன்று. ஒரு நாள் ருசி பார்ப்பவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. புதிதாகத் திறந்தபோது போர்ட் கொஞ்சம் முந்திக்கொண்டு நிற்கும். சில வாரங்கள் போனதும் வனிலாவும் மரமும் எழுந்து வந்து, பழத்தோடு சமமாக நிற்கும். என் வாயில் இந்த விஸ்கி உச்சத்தில் இருப்பது அப்போதுதான். போர்ட் பீப்பாய் பர்பனை மூடாமல் அதற்குத் துணையாக நிற்கிறது. பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கி, மாதக்கணக்கில் அப்படியே நின்றால் நிலைமை மாறுகிறது. மேல் வாசனைகள் பறந்துபோய், இனிப்பும் ஒரு மெல்லிய துவர்ப்பும் மட்டும் இருக்கும். ஆகவே பாதி தாண்டியதும் சின்னப் பாட்டிலுக்கு மாற்றி, வாய்வரை நிரப்பி மூடி வைக்கிறேன். நன்றாகவே தாக்குப்பிடிக்கிறது.

சாப்பாட்டோடு என்றால் மட்டன் மிளகு வறுவல் பக்கம் போகவே வேண்டாம், மிளகு இந்தப் பழ வாசனையை முழுங்கிவிடும். வறுத்த பாதாம், கசப்புச் சாக்லேட், உப்புக் கரிக்கும் நீலப் பாலாடைக்கட்டி பொருந்தும். விஸ்கியில் சர்க்கரை சேர்த்துச் செய்யும் ஓல்ட் ஃபேஷண்ட் காக்டெயில் கலக்குபவர்கள் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கவும். விஸ்கியோடு வெர்மூத் என்ற மூலிகை ஒயின் சேர்க்கும் மன்ஹாட்டன் காக்டெயிலுக்கு இதை நான் எடுப்பதில்லை. வெர்மூத்தும் போர்ட்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும்.

இதே வகையில் லெஜன்ட் என்ற பர்பன் இருக்கிறது, ஜிம் பீம் பர்பன் நிறுவனத்தின் ஃப்ரெட் நோவும் ஜப்பானிய விஸ்கி நிறுவனம் சண்டோரியின் ஷின்ஜி ஃபுகுயோவும் சேர்ந்து செய்தது. சிவப்பு ஒயின் பீப்பாயிலும் ஷெரி என்ற ஸ்பானிய ஒயின் பீப்பாயிலும் முடித்த பர்பன்களைக் கலந்தது, 47 சதவீதம். என் அனுபவத்தில் அது ஐஸை இதைவிட நன்றாகத் தாங்குகிறது, விலையும் குறைவு. ஆனால் ராவாகக் குடிக்கும்போது ஏஞ்சல்ஸ் என்வியின் வழவழப்பு அதில் வரவில்லை. ஏஞ்சல்ஸ் என்வியிலேயே கரீபியன் ரம் பீப்பாயில் முடித்த ரை விஸ்கி 50 சதவீதத்தில் வருகிறது. அதைப் பலர் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது விஸ்கியைவிட மிட்டாய்க்கு நெருக்கமாகப் படுகிறது. இரவு உணவுக்குப்பின் இனிப்புக்குப் பதிலாக ஒரு சின்ன பெக், அத்தோடு போதும்.

ஏழரையை ஒன்பதாக்குவது எது என்றால், வருடம் ஒருமுறை வரும் காஸ்க் ஸ்ட்ரெங்த் பதிப்பு, அதாவது தண்ணீர் கலந்து காட்டத்தைக் குறைக்காமல் பீப்பாயில் இருந்த வலுவிலேயே அடைத்தது. அதே போர்ட் பீப்பாய் முறைதான், ஆல்கஹால் மட்டும் 60 சதவீதத்தை ஒட்டி நிற்கும். பழத்துக்குப் பின்னால் பர்பன் திடமாக நிற்பதை அதில் பார்க்கலாம்; கொஞ்சம் தண்ணீர் விட்டாலும் குலையாது. விலை இருநூறு டாலரைத் தாண்டுவதால் பாட்டிலாக வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. நல்ல பர்பன் பாரில் ஒரு பெக் வாங்கி, பக்கத்திலேயே சாதாரண ஏஞ்சல்ஸ் என்வி ஒரு பெக் வைத்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பாருங்கள். பலவீனமானதை முதலில் தொடுங்கள், இல்லாவிட்டால் அது தண்ணீராகத் தெரியும்.