ஷீட் ஃபிலிமா, 100 மெகாபிக்சலா? சிங்கப்பூர் நிலக்காட்சிக்கு எது பொருந்தும்

நிலக்காட்சி எடுக்கும் நம் தமிழ் நண்பர்கள் வட்டத்தில் அடிக்கடி வரும் கேள்வி இது: "அண்ணே, 4×5 ஃபிலிம் கேமரா வாங்கலாமா, இல்ல பணத்தைச் சேர்த்து மீடியம் ஃபார்மட் டிஜிட்டலுக்கே போயிடலாமா?" 4×5 என்பது 4×5 அங்குலத் தனித்தனித் தாளில் (ஷீட் ஃபிலிம்) படம் எடுக்கும் பெரிய கேமரா; மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் என்பது 35 மிமீயைவிடப் பெரிய சென்சார் கொண்டது. இந்தக் கேள்விக்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில்கள் அமெரிக்க மலைகளையும் ஸ்காட்லாந்து ஏரிகளையும் மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. நம் ஊரில் இயற்கையாக அமைந்த மிக உயரமான இடமே புக்கிட் தீமா குன்றுதான், சுமார் 164 மீட்டர். நமக்குக் கிடைப்பது சதுப்புநிலம், நீர்த்தேக்கம், கடற்கரைப் பாறை, மழைக்காடு, பல இடங்களில் அதற்குப் பின்னால் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) புளோக். இந்த வெப்பத்திலும் ஈரத்திலும் எது எடுபடும் என்பதுதான் நம் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்ணப் படத்துக்கு டிஜிட்டல். கறுப்பு வெள்ளைக்கு 4×5 ஷீட் ஃபிலிம். இரண்டிலும் எடுத்துப் பார்த்த பிறகு எனக்கு இதில் தயக்கம் இல்லை.

எதில் அதிக நுணுக்கம் பதியும் என்ற சண்டையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். 4×5 தாளில் படம் விழும் பரப்பு 35 மிமீ ஃபிலிமைப் போல 13 மடங்குக்கு மேல். நன்றாக எடுத்த ஒரு தாளை அங்குலத்துக்கு 2,000 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 80 மெகாபிக்சல் வரும். ஃபூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் ஒரே சொடுக்கில் 102 மெகாபிக்சல் தருகிறது. அதை 300 புள்ளி வீதம் அச்சிட்டால் நீளம் ஏறக்குறைய 39 அங்குலம். நம் வீட்டுச் சுவருக்கு இரண்டுமே தாராளம். இதற்காக மட்டும் ஃபிலிமுக்குப் போகாதீர்கள்.

உண்மையான வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்குவதால், மறைந்து 20 நிமிடம் போல ஆனதும் நல்ல வெளிச்சம் தீர்ந்துவிடும். லண்டன் கோடையில் இதைப்போல இரண்டு மடங்கு கிடைக்கும். இப்போது ஒரு கணக்கு. 4×5 கேமராவில் 150 மிமீ லென்ஸ் காட்டும் காட்சியை 44×33 மிமீ சென்சாரில் ஏறத்தாழ 55 மிமீ லென்ஸ் காட்டும். காலடியிலிருக்கும் பாறையிலிருந்து எதிர்க்கரை வரை ஒரே அளவு தெளிவு வேண்டுமானால், டிஜிட்டலில் எஃப் 11 போதும்; 4×5இல் எஃப் 32 வேண்டும் (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறுக்கும்). அதாவது மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி), எட்டு மடங்கு நேரம். இரண்டின் ஒளி உணர்திறனும் ஐஎஸ்ஓ 125 என்று வைத்துக்கொள்வோம். டிஜிட்டலில் 4 வினாடி என்றால் ஃபிலிமில் 32. அதோடு நிற்காது. எக்ஸ்போஷர் (ஒளி விழவிடும் நேரம்) நீள நீள ஃபிலிமின் உணர்திறன் குறையும். இல்ஃபோர்டு தரும் சூத்திரப்படி எஃப்பி4 பிளஸ் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு அந்த 32 வினாடி ஏறக்குறைய 80 வினாடி ஆகிவிடும்.

செக் ஜாவா, சுங்கை பூலோ சதுப்புநிலங்களின் பலகை நடைபாதைகளில் இந்த 80 வினாடிதான் சோதனை. பலகையில் யாராவது நடந்தால் முக்காலி அதிரும். கடல்காற்று வந்தால் பெல்லோஸ் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே இருக்கும் மடிப்புத் துருத்தி) கப்பல் பாய்போல் காற்றைப் பிடிக்கும். டிஜிட்டலில் 4 வினாடிக்கு ஆள் நடமாட்டம் இல்லாத இடைவெளி எளிதில் அமையும்; படம் கெட்டால் உடனே இன்னொன்று எடுக்கலாம். அந்திப் பொழுதில், அதுவும் வண்ணத்தில் எடுப்பவருக்கு டிஜிட்டல்தான் என்று நான் சொல்வதற்கு இது முக்கியக் காரணம். இன்னொரு காரணம் ஸ்லைடு ஃபிலிம் (நேரடியாக வண்ணப் படமாகவே வரும் ஃபிலிம்) வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே தாங்கும் எல்லை குறுகியது என்பது. 2018இல் திரும்பி வந்த கோடாக்கின் எக்டாக்ரோம் ஸ்லைடு ஃபிலிம் பின்னர் ஷீட் வடிவிலும் வந்தது, நிறமும் அழகுதான். ஆனால் மரீனா பேயில் விளக்குகள் எரியும் கட்டடத்தையும் இருண்ட நீரையும் ஒரே தாளில் அடக்க அதற்குத் திராணி போதாது.

பிறகு டில்ட். லென்ஸைச் சற்றுச் சாய்த்தால் தெளிவாக விழும் தளமும் சாயும். தியோடர் ஷைம்ப்ஃப்ளக் 1904இல் காப்புரிமை பெற்ற கொள்கை. பொங்கோல் கடற்கரைப் பாறைகளுக்கு இது அற்புதமாக வேலை செய்யும், ஏனென்றால் காட்சி தட்டையாகப் படுத்திருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் அவ்வளவாக உதவாது. பக்கத்திலேயே மரம் நெட்டுக்குத்தாக நிற்கும்போது வேர் தெளிந்தால் கிளை மங்கும். முன்பெல்லாம் இந்த வசதி 4×5இன் தனிச்சொத்து போல இருந்தது. 2023இல் ஃபூஜிஃபிலிம் 30 மிமீ, 110 மிமீ டில்ட் ஷிஃப்ட் (சாயவும் நகரவும் செய்யும்) லென்ஸ்களை அறிவித்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது. விலையில் மட்டும் 4×5 இன்னும் ஜெயிக்கிறது: எந்தப் பழைய லென்ஸைப் பொருத்தினாலும் அது சாயும், ஏறும், இறங்கும்.

சரி, அப்படியானால் கறுப்பு வெள்ளைக்கு ஏன் ஃபிலிம்? மெக்ரிட்சி காட்டுக்குள் காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். கீழே இருட்டு, மேலே இலைகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று வானம். சென்சார் நிழலை அற்புதமாக மீட்கும், ஆனால் வெளிச்சம் எல்லை தாண்டினால் அந்த இடம் வெறும் வெள்ளை. பல எக்ஸ்போஷர் எடுத்து இணைக்கலாம் என்றால் இலை ஆடிக்கொண்டே இருக்கும். நெகட்டிவ் ஃபிலிம் வெளிச்சத்தை மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். அதைவிடப் பெரிய பலம், ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக டெவலப் செய்யலாம் என்பது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த ஸோன் முறை இதன்மேல்தான் நிற்கிறது: நிழலுக்கு எக்ஸ்போஷர், வெளிச்சத்துக்கு டெவலப்மென்ட். காட்சியில் முரண் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம்) அதிகமா, அந்தத் தாளுக்கு மட்டும் டெவலப் செய்யும் நேரத்தைக் குறைத்தால் போதும். இலை ஓரங்களில் ஒளி கரையும் அந்தப் படிநிலையை டிஜிட்டல் கோப்பிலிருந்து நான் இன்னும் பெறவில்லை.

வீட்டில் டெவலப் செய்வதில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) வைக்கும் நேரங்கள் பெரும்பாலும் 20 டிகிரிக்குத் தரப்படுகின்றன. நம் குழாய்த் தண்ணீரோ 28, 30 டிகிரி. ஐஸ் போட்டு 24க்குக் கொண்டுவருவது நடைமுறைக்கு ஒத்துவரும். அப்போது 10 நிமிடம் ஏறத்தாழ 7 ஆகும். முரணைக் குறைக்க இன்னும் வெட்டினால் 5 நிமிடத்தை நெருங்கிவிடும். அதற்குக் கீழே போனால் வானம் திட்டுத்திட்டாக வரும் அபாயம் உண்டு. எனவே டெவலப்பரைக் கூடுதலாக நீர்க்கவிட்டு நேரத்தை நீட்டிக்கொள்ளுங்கள்.

ஈரம் இரு பக்கமும் கெடுக்கும். டிரை கேபினட் (ஈரம் புகாத அலமாரி) எதற்குமே தேவை, லென்ஸில் பூஞ்சை படிய ஃபிலிம், டிஜிட்டல் என்ற பேதமில்லை. 4×5இல் கூடுதலாக இரண்டு தொல்லை: கறுப்புத் துணிக்குள் மூச்சுப் பட்டுக் காட்சி தெரியும் கண்ணாடித் திரை மங்கும், ஹோல்டரில் (ஃபிலிமை வைக்கும் சட்டம்) தாள் ஏற்றும்போது கை வியர்த்தால் ஃபிலிமில் விரல் தடம் பதியும். குளிரூட்டிய அறையில் இரவே ஏற்றிவிடுங்கள். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த பெட்டியை அறை வெப்பநிலைக்கு வரும்வரை திறக்க வேண்டாம்.

பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் பழைய 4×5 தேடிப் போகிறவர்கள் ஒரு சின்ன டார்ச் கொண்டுபோங்கள். பெல்லோஸுக்குள் அதை விட்டு, விளக்கு மங்கிய இடத்தில் மூலை மடிப்புகளைப் பாருங்கள். ஊசித்துளை இருந்தால் ஒளி தெரியும். ஷட்டரை ஒரு வினாடியில் வைத்துப் பலமுறை அழுத்துங்கள், இழுத்து இழுத்து மூடினால் அதைச் சுத்தம் செய்யும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கிய ஃபிலிமோடு விமானம் ஏறுகிறவர்கள் பெட்டியைப் பயணப்பெட்டிக்குள் போட வேண்டாம். கையில் வைத்துக்கொண்டு, சிடி ஸ்கேனரில் விடாமல் கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.