புதுச்சேரி முதல் நாகப்பட்டினம் வரை: எங்கள் ஊர் டிராவல்ஸ் பஸ்ஸில் போகலாமா?

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் டூர் பஸ் பேசுபவர்கள் பெரும்பாலும் கோயில் லிஸ்ட்டோடுதான் போவார்கள். நான் காவேரிப்பட்டணத்தில் வரலாறு பாடம் எடுப்பவள். பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர், டேனிஷ்காரர், டச்சுக்காரர் என்று ஒவ்வொருவரும் கோட்டை கட்டி உட்கார்ந்த கடற்கரை ஊர்களை ஒரே மூச்சில் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கத்து டிராவல்ஸ்காரர் முகம் சுளிக்கவில்லை. "ஊர் பேரைச் சொல்லுங்க டீச்சர், ரூட்டை நான் போடறேன்" என்றார்.

போட்ட ரூட்டும் நல்ல ரூட். ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி. அங்கிருந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம். திரும்பும்போது தஞ்சாவூர், திருச்சி, சேலம். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையையும் சேர்க்கச் சொன்னேன். அது வடக்கே கல்பாக்கம் பக்கம், அதற்காக மேலே ஏறி இறங்கினால் அரை நாள் போய்விடும், மாமல்லபுரம் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நியாயமான பேச்சு.

பஸ் சுத்தமாக இருந்தது, புஷ்பேக் சீட்டெல்லாம் வேலை செய்தது. டிரைவர் அண்ணன் செங்கம் ரோட்டில்கூட நிதானம் தப்பவில்லை. புதுச்சேரி, காரைக்கால் இரண்டுமே யூனியன் பிரதேசம் என்பதால் பெர்மிட் விஷயத்தை முன்கூட்டியே முடித்து வைத்திருந்தார்கள். எல்லையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு யாரும் பேப்பரோடு ஓடவில்லை. டூர் பஸ்ஸில் போய்ப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

புதுச்சேரிக்கு ஒரு முழு நாள். சாயங்காலம் பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள், அதனால் பஸ்ஸைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தோம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மஞ்சள் சுவர்களும் பிரெஞ்சுப் பெயர்ப்பலகைகளும். மேற்கே தாண்டினால் திண்ணை வைத்த தமிழ் வீடுகள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஊர் புரியும். டிராவல்ஸ் கொடுத்த தாளில் கிழக்குப் பக்கம் மட்டும்தான் இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டை நான்தான் சேர்த்தேன். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். அந்த வீட்டைப் பார்க்காமல் என்ன புதுச்சேரி?

கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டை. 1690ல் மராட்டியரிடமிருந்து இங்கிலீஷ்காரரின் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது, பீரங்கி சுட்டுக் குண்டு விழுகிற தூரம் வரை எங்களுக்கு என்று பேசிக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்னமும் இருக்கிறது. 1758ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்ததில் கோட்டையில் மிச்சம் கொஞ்சம்தான். அரை மணி போதும்.

அப்புறம் பரங்கிப்பேட்டை. ரூட்டில் இல்லாத ஊர். 1781 ஜூலை 1 அன்று மைசூர் ஹைதர் அலியைக் கம்பெனிப் படைத் தளபதி அயர் கூட் தோற்கடித்த இடம். அதற்குப் பதினோரு வருஷம் கழித்து, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் நம்ம பாராமகால், அதாவது கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துச் சீமை, ஹைதரின் மகன் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்குப் போனது, கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் வரி வசூலிக்க வந்தார்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் இந்த வழியே போய்விட்டு அங்கே இறங்காமல் வருவது மனசுக்கு ஒப்பவில்லை. கேட்டதும் டிரைவர் அண்ணன் வண்டியைத் திருப்பினார், கூடுதல் காசு கேட்கவில்லை.

என் பெரிய குறை தரங்கம்பாடி. சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து டேனிஷ்காரர் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டைக்கே அது பத்தாது. ஊர் வாசலில் நுழைந்து ராஜ வீதியில் நடந்தால் ஒரு பக்கம் 1701ல் கட்டிய சீயோன் சர்ச், இன்னொரு பக்கம் 1718ல் கட்டிய புதிய எருசலேம் சர்ச். 1706ல் இங்கே வந்திறங்கித் தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அந்தச் சர்ச்சுக்குள்தான் அடக்கமாகியிருக்கிறார். கரையோரம் மாசிலாமணிநாதர் கோயில். முன்பக்கத்தைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. அலை தடுக்கக் கொட்டிய பாறாங்கற்கள் சந்நிதிக்கு எதிரிலேயே கிடக்கின்றன. குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், டேனிஷ்காரர் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்பே நின்றது. என் அத்தை கல்லைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பஸ் ஹாரன் அடித்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. 1845ல் டேனிஷ்காரர்கள் இங்கிலீஷ்காரர்களிடம் விற்றபிறகு பெரிதாக மாறாமல் நின்ற ஊர் அது. நடக்க நேரம் கொடுக்க வேண்டாமா?

காரைக்காலில் டீ மட்டும் குடித்தோம். நாகப்பட்டினத்தில் இருட்டிவிட்டது, அதனால் அதைப் பற்றி எழுதுவது நியாயமில்லை. இடையில் தங்கவைத்த லாட்ஜில் வெந்நீர் வரவில்லை, வயசானவர்கள் சிரமப்பட்டார்கள். பஸ்ஸில் பாட்டுச் சத்தத்தை மட்டும் சொன்னவுடன் குறைத்தார்கள்.

போகிறவர்கள் கிழமை பார்த்துப் பேசுங்கள். டேன்ஸ்போர்க் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி லீவு, புதுச்சேரி மியூசியத்துக்குத் திங்கள் லீவு. நேர அட்டவணையை எழுதி வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்; இவர்கள் எழுதிக் கொடுத்ததை மீறுவதில்லை, எழுதாததுதான் பிரச்சினை.

பஸ்ஸுக்கும் டிரைவருக்கும் தாராளமாக முழு மார்க். திட்டத்துக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேலே. தரங்கம்பாடியில் ஓர் இரவு தங்கும்படி மாற்றிப் போடச் சொல்லியிருக்கிறேன். "அரைப் பரீட்சை லீவுக்கு ஆள் சேர்த்துக் குடுங்க டீச்சர், போட்டுடலாம்" என்றிருக்கிறார். எங்கள் பள்ளியில் ஏற்கெனவே பேர் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.