ரூட் கேனலில் உடைந்த ஃபைலைச் சொல்லாமல் அடைத்துவிட்டார்கள்: கேப் போடும் முன் எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்குங்கள்

ரூட் கேனல் செய்துகொள்ளப் போகிறவர்களும், செய்து கேப் போட்ட பல்லில் மறுபடி வலி வந்து அலைகிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள். பல் வேருக்குள் ஓடும் கேனல் என்ற மெல்லிய பாதையைச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற உலோகக் கருவிதான் ஃபைல். எனக்குச் சிகிச்சை செய்த பல் மருத்துவமனையில் வேருக்குள் அது உடைந்துவிட்டது. உடைந்ததைச் சொல்லாமலே மேலே அடைத்து, கேப்பும் மாட்டி, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

கீழ்த்தாடையில் வலது பக்கக் கடைவாய்ப்பல். சொத்தை ஆழமாகி, சிகிச்சைக்குப் போகும்போதே வேர் நுனியில் சீழ் கட்டியிருந்தது. வேலை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மருத்துவர் சட்டென்று நிறுத்தினார். உதவியாளரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார், உடனே ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல சார், கேனல் கொஞ்சம் வளைவா இருக்கு" என்றார். அன்றைக்கே அடைத்தார்கள், அப்புறம் கேப்.

சில மாதங்களில் கடித்தால் வலி. ஈறில் சின்னக் கொப்புளம், அழுத்தினால் சீழ். போய்ச் சொன்னால் ஆன்டிபயாட்டிக் எழுதுவார்கள். மாத்திரை தீர்ந்ததும் கொப்புளம் திரும்பி வரும். கடைசியில் "உங்களுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி" என்று என் உடம்பின் மேலேயே பழியைப் போட்டார்கள்.

வேர் சிகிச்சைக்கென்றே மேல்படிப்பு படித்த வேறொரு எண்டோடான்டிஸ்டிடம் போனேன். புதிதாக எக்ஸ்ரே எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். முன்பக்க வேரில் அடைப்பு பாதி வழியிலேயே நிற்கிறது, அதற்குக் கீழே தெரியும் மெல்லிய கோடு மருந்து இல்லை, உலோகம் என்றார். இதை நாமாகக் கண்டுபிடிப்பது கஷ்டம். அடைக்கப் பயன்படும் கட்டாபெர்ச்சாவில் துத்தநாக ஆக்சைடும் பேரியம் சல்பேட்டும் கலந்திருப்பதால் அதுவும் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத்தான் விழும். அடைத்த பிறகு எடுத்த படத்தில் ஃபைல் துண்டு எளிதில் மறைந்துவிடும். அடைப்பதற்கு முன் எடுத்த படம் வேண்டும் என்று அவர்தான் சொன்னார்.

பழைய மருத்துவமனையில் கேட்டபோது முதலில் "அது சீலர்", அதாவது அடைப்போடு சேர்த்துப் பூசும் பசை, என்றார்கள். என் ஆர்விஜி படங்கள் (டிஜிட்டல் பல் எக்ஸ்ரே) எல்லாவற்றின் நகலும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். தந்தார்கள். சிகிச்சை நடந்த அதே தேதி. காலி வேருக்குள் துண்டு பளிச்சென்று தெரிகிறது. பார்த்துவிட்டுத்தான் அடைத்திருக்கிறார்கள்.

ஃபைல் உடைந்ததற்காக நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நிக்கல் டைட்டானியத்தில் ஃபைல் செய்யலாம் என்று 1988ல் ஆய்வு வந்த பிறகுதான் வளைந்த கேனலைச் சுத்தம் செய்வது இவ்வளவு சுலபமானது. ஆனால் ஒரே கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் முறிவதுபோல, வளைவுக்குள் சுழன்று சுழன்று அந்த உலோகமும் களைத்துப்போகும். வெளியே ஒரு அறிகுறியும் காட்டாமல் பட்டென்று முறியும். தேர்ந்த கைகளிலும் இது நடக்கும். திரும்பத் திரும்பப் பயன்படுத்திய ஃபைல் என்றால் ஆபத்து கூடும்.

துண்டை உள்ளேயே விட்டு அடைப்பதும் எப்போதும் தப்பு இல்லை. அந்த உலோகம் உடம்பை ஒன்றும் செய்யாது. துண்டுக்குக் கீழே சுத்தமாகாமல் கிடக்கும் கிருமிதான் பிரச்சினை. கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரைட் திரவம் அங்கே சரியாகப் போய்ச் சேராது. ஃபைலின் முறுக்குகளுக்கு இடையே இடைவெளி இருப்பதால் துண்டு வழியை மறிக்குமே தவிர, மூடி போல அடைக்காது. சீழ் இல்லாத பல்லில், சுத்தம் செய்து முடிக்கும் தறுவாயில் நுனியில் உடைந்தால் மேலே அடைத்துவிட்டுக் கண்காணிக்கலாம். மெல்போர்னில் செய்து 2005ல் வெளியான ஆய்வில், துண்டு இருந்த பற்களில் 91.8 சதவீதம் ஆறின. துண்டு இல்லாதவற்றில் 94.5. ஆனால் முன்பே வேர் நுனியில் புண் இருந்த பற்களை மட்டும் எடுத்துக்கொண்டால் துண்டு இருந்தவற்றில் 86.7, இல்லாதவற்றில் 92.9 என்று இறங்குகிறது. என் பல் இந்த இரண்டாவது வகை. அதிலும் சுத்தம் செய்யத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே உடைந்தது.

அந்த நிமிடமே சொல்லியிருந்தால் வழிகள் இருந்தன. மெல்லிய கை ஃபைலை நுழைத்துத் துண்டின் ஓரமாக வழி கண்டுபிடிக்கலாம். மைக்ரோஸ்கோப் வைத்து அல்ட்ராசோனிக்கால் துண்டை அதிரவைத்து எடுக்கலாம், ஆனால் வேரின் சுவர் மெலிந்துவிடும் அபாயம் உண்டு. இரண்டும் முடியாவிட்டால் ஈறைத் திறந்து வேர் நுனியை வெட்டி, கீழிருந்து எம்டிஏ என்ற பல் சிமெண்ட் வைத்து அடைக்கலாம். எது என்று என்னோடு பேசி முடிவு செய்திருக்க வேண்டும். அந்த உரிமையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

புதிய மருத்துவர் கேப்பை வெட்டி எடுத்து, துண்டின் ஓரமாக நுனிவரை வழி கண்டுபிடித்தார். கிருமியை அழிக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்துக் காத்திருந்து, கொப்புளம் வற்றியதும் துண்டையும் சேர்த்து அடைத்தார். துண்டு உள்ளே இருப்பதையும், எலும்பு ஆறுகிறதா என்று ஓராண்டாவது பார்க்க வேண்டும் என்பதையும் கைப்பட எழுதிக் கொடுத்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வாயில் ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளியே விட்டு எச்சில் படாமல் மறைக்கும் ரப்பர் விரிப்பு) மாட்டுவார்களா, ஃபைல் புதிதா என்று முதலிலேயே கேளுங்கள். அடைக்கும் முன் எடுத்த படத்தையும் அடைத்த பின் எடுத்த படத்தையும் கேப்புக்கு அளவு எடுக்கும் முன்பே வாட்ஸ்அப்பில் வாங்கிவிடுங்கள். "உள்ளே எதுவும் உடைந்ததா?" என்று நேராகவே கேளுங்கள். தயங்கினால் கேப்புக்கு ஒத்துக்கொள்ளாமல் இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஏற்கனவே ஏமாந்தவர்களுக்கு: காசு வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ரசீது, இரண்டு மருத்துவர்களின் படங்கள், இரண்டாம் மருத்துவரின் குறிப்பு மூன்றையும் சேர்த்துவைத்துக்கொண்டு நானும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.