குளோவா எலெக்ட்ரிக்கா? இரண்டையும் வைத்திருப்பவனின் புலம்பல்

நண்பரின் தம்பி வாட்ஸ்அப்பில் கேட்டான்: "அண்ணா, முதல் ஆர்சி விமானம் வாங்கப்போறேன். குளோ இன்ஜினா, எலெக்ட்ரிக்கா?" ஆர்சி என்றால் கையில் இருக்கும் ரேடியோவால் இயக்கும் சின்ன விமானம். குளோ என்பது மெத்தனாலில் ஓடும் குட்டி இன்ஜின்; எலெக்ட்ரிக் பேட்டரியில் ஓடுவது. ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். அவன் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியே கொட்டும் மழை, மேசையில் முந்தின இரவு முழு சார்ஜ் ஏற்றி வைத்த மூன்று லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகள். அதனால் பதில் நீண்டுவிட்டது.

என்னிடம் இருப்பவை இரண்டு டிரெயினர்கள், அதாவது பழகுவதற்கான விமானங்கள். இரண்டும் பல்ஸா என்ற லேசான மரம், இரண்டுக்கும் ஐந்தடிக்குக் கொஞ்சம் கூடுதலான மேல் இறக்கை. ஒன்றில் 46 பால்ரேஸ் குளோ இன்ஜின், அதாவது ஏழரை சிசி. மற்றதில் அதற்கு ஈடாகச் சொல்லப்படும் பிரஷ்லெஸ் மோட்டார், 4எஸ் 5000 லிப்போ, அதாவது நான்கு செல், 5000 மில்லிஆம்ப் அவர். இரண்டையும் வருடக்கணக்கில் ஓட்டியாகிவிட்டது. ஸ்பெக் எல்லாம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், அதை விடுங்கள்.

முதலில் நியாயமாக எலெக்ட்ரிக்கின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும்.

அது நிற்காது. புதிதாகப் பழகுகிறவனுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. குளோ இன்ஜின் காற்றில் அணைந்துபோனால் டெட்ஸ்டிக். விமானம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து சறுக்கித்தான் தரைக்கு வர வேண்டும். மறுமுறை சுற்றி வந்து இறங்கும் வசதி கிடையாது. நாங்கள் பறக்கவிடுவது செங்கல்பட்டைத் தாண்டி ஒரு காய்ந்த ஏரிப் படுகையில். மூன்று பக்கம் கருவேல முள். டெட்ஸ்டிக் என்றால் பாதி நேரம் முள்ளுக்குள்தான். எலெக்ட்ரிக்கில் தப்பாக வந்தால் த்ராட்டிலை ஏற்றிவிட்டு இன்னொரு சுற்று போகலாம். மோட்டார் ஒருநாளும் "இன்றைக்கு மனசு சரியில்லை" என்று சொன்னதில்லை.

சுத்தம் அடுத்தது. குளோ எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். அது எரியாமல் அப்படியே மஃப்ளர் வழியாக வெளியே வந்து விமானத்தின் ஒரு பக்கம் முழுக்கப் படியும். ஒவ்வொரு முறையும் பழைய வேட்டித் துணியால் துடைக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் இன்ஜின் மாட்டியிருக்கும் பலகையின் விளிம்பில் எண்ணெய் இறங்கி மரம் ஊறிப்போகும், அதன்பின் எந்தப் பசையும் ஒட்டாது. எலெக்ட்ரிக் விமானத்தைப் பறக்கவிட்டுக் காரின் பின்சீட்டில் அப்படியே வைக்கலாம். வீட்டில் யாரும் மூக்கைப் பிடிக்க மாட்டார்கள்.

பழைய ஆட்கள் எலெக்ட்ரிக்கை நேற்று முளைத்த பொம்மை என்பார்கள். அதுவும் சரியில்லை. இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் 1957இலேயே ரேடியோவில் இயங்கும் மின் விமானத்தைப் பறக்கவிட்டுவிட்டார், சில்வர் ஜிங்க் பேட்டரியை வைத்து. குளோ பிளக் பரவலாகக் கடைக்கு வந்ததே 1940களின் இறுதியில்தான். இடையில் இருப்பது பத்து வருடம். பேட்டரி இளைக்க அரை நூற்றாண்டு ஆனது, அவ்வளவுதான்.

சரி, இப்போது பேட்டரிக்கு வருகிறேன்.

லிப்போ செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். பறந்து இறங்கும்போது 3.7 பக்கம் மீதி இருக்க வேண்டும். 3க்குக் கீழே போனால் அது பேட்டரி இல்லை, குப்பை. சும்மா வைத்திருப்பதென்றால் 3.8, 3.85. இந்தக் கடைசி விஷயம்தான் என் வயிற்றெரிச்சல். முழு சார்ஜில் நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே வாயு சேர்ந்து பேட்டரி உப்பும், உள்தடை ஏறும், அடுத்த முறை ஏறுமுகத்தில் த்ராட்டில் கொடுத்தால் இழுவை இருக்காது. நம் ஊர் வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதாவது இந்தப் பொருளைப் பயன்படுத்தினாலும் தேயும், பயன்படுத்தத் தயாராக வைத்திருந்தாலும் தேயும்.

எங்களுக்குக் காற்று அடங்கியிருப்பது காலை ஆறு முதல் எட்டரை வரை. ஒரு பேட்டரி ஏற ஒரு மணி நேரம். மூன்று பேட்டரி என்றால் சனிக்கிழமை இரவே உட்கார்ந்து ஏற்ற வேண்டும், இல்லையென்றால் ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்கு அலாரம். சனி இரவு ஏற்றினேன் என்றால் ஞாயிறு காலை மழை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் புரிகிறது. இந்த மழை சித்திரையிலும் சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பின்னால்தான் வருகிறது. மழை இல்லாவிட்டால் கல்யாணம்.

இனிமேல் அந்தச் சார்ஜை இறக்க வேண்டும். 4எஸ் 5000 பேட்டரியில் இருப்பது 74 வாட் அவர். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வடித்தால் அந்த 3.8 என்ற ஸ்டோரேஜ் அளவுக்கு வரும். என் சார்ஜர் ஏற்றும்போது எண்பது வாட் பக்கம் ஏற்றும். இறக்கச் சொன்னால் எட்டு வாட். கணக்குப் போட்டுப் பாருங்கள், பேட்டரி ஒன்றுக்கு நாலு மணி நேரம். மூன்றுக்கும் சேர்த்தால் அரை நாள் அந்தக் குட்டி ஃபேன் கிர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும், யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். லிப்போவைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போகக் கூடாது என்பது இந்த விளையாட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரே விதி.

இரண்டு கார் ஹெட்லைட் பல்பை சீரிஸில் கட்டி ஒரு ஏற்பாடும் செய்து வைத்திருக்கிறேன். அது அரை மணியில் இறக்கிவிடும். ஆனால் அந்த அரை மணியும் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தின் பக்கத்தில் உட்கார்ந்து வோல்ட்மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். போன் வந்து ஐந்து நிமிடம் பேசினால் ஸ்டோரேஜ் அளவு தாண்டிக் கீழே போய்விடும். ஞாயிறு காலை, மழை, கையில் காப்பி, எதிரே இரண்டு ஹெட்லைட். பறக்காததற்கு இவ்வளவு வேலையா?

மழை நாளில் குளோ என்ன கேட்கிறது? கேனின் மூடியை இறுக்கு என்கிறது. முடிந்தது. திரும்பப் படுத்துவிடலாம்.

எடைக் கணக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 300 மில்லி டேங்க் நிரப்பினால் கால் கிலோ சொச்சம், பத்துப் பன்னிரண்டு நிமிடம் தாராளமாகப் பறக்கும், இறங்கும்போது அந்த எடை போயிருக்கும். பேட்டரி அரை கிலோ. எட்டு நிமிடத்துக்கு டைமர் வைக்கிறேன். காலியான பிறகும் அதே அரை கிலோவைச் சுமந்துகொண்டுதான் இறங்குகிறது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மெத்தனாலில் இருக்கும் சக்தி லிப்போவைப் போல முப்பது மடங்குக்கும் மேல். இன்ஜின் அதில் பெரும்பகுதியைச் சூடாகவும் சத்தமாகவும் வீணடிப்பதால்தான் மோட்டார் போட்டியிலேயே நிற்கிறது.

இப்போது குளோவின் பக்கம் திரும்பினால் அதுவும் ஒன்றும் யோக்கியம் இல்லை. போன மாதம்தான் பின்பக்க பேரிங்கை மாற்றினேன். மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். பறக்கவிட்டு முடித்ததும் டேங்கைக் காலி செய்து, இன்ஜினில் மிச்சம் இருப்பதையும் எரித்துத் தீர்த்து, கார்புரேட்டர் வழியாக நாலு சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் சுற்றி வைக்க வேண்டும். கடற்கரை ஊர்க் காற்றில் இவ்வளவு செய்தாலும் பேரிங் துருப்பிடிக்கிறது. ப்ராப்பை, அதாவது முன்னால் சுழலும் விசிறியை, விரலால் மெல்லச் சுற்றினால் உள்ளே மணல் அரைபடுவது போல ஒரு உணர்வு வரும், அதுதான் அறிகுறி. இன்ஜினின் உடலான கிராங்க்கேஸை ஓவனில் சூடேற்றி மரக்கட்டையில் ஒரு தட்டு தட்டினால் பேரிங் தானாக விழுந்துவிடும். அலுமினியம் எஃகைவிட அதிகம் விரிவதால் பிடி தளர்ந்துவிடுகிறது. புது பேரிங் பாரிமுனையில் கிடைத்தது. வீட்டில் ஓவன் இரண்டு வாரம் விளக்கெண்ணெய் வாடை அடித்தது; அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

ஆனால் பேரிங் மாற்றியதும் இன்ஜின் புதிது. பேட்டரி உப்பினால் மாற்ற எதுவும் இல்லை, மண் சட்டியில் போட்டு மொட்டை மாடியில் வைத்து, முழுதாக வடித்து, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுக்க வேண்டியதுதான். நல்ல பேட்டரி மூன்று வாங்கும் காசுக்குக் கிட்டத்தட்ட ஒரு நல்ல இன்ஜினே வந்துவிடும். எலெக்ட்ரிக் செலவு குறைவு என்று கடைக்காரர் சொல்வது முதல் வருடத்துக்குச் சரி.

குளோவின் பெரிய தலைவலி எரிபொருள். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும், 1959ஆம் ஆண்டு விதிகளிலிருந்தே அப்படித்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது. கூடத்தான் வேண்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. எங்களுக்கு உரிமம் உள்ள ஒருவர் கலந்து தருகிறார். அவர் நிறுத்திவிட்டால் நானும் நிறுத்த வேண்டியதுதான். கூரியரில் வரவழைக்கலாம் என்று நினைக்காதீர்கள், தீப்பிடிக்கும் சரக்கு என்றால் எடுக்கவே மாட்டார்கள். கூடுதல் சக்திக்காகக் கலக்கும் நைட்ரோமீத்தேனுக்காகவும் அலைய வேண்டாம். கம்பியில் கட்டிச் சுற்றவிடும் கண்ட்ரோல்லைன் விமானங்களின் வேகப் போட்டியில் உலக அளவிலேயே மெத்தனால் 80, விளக்கெண்ணெய் 20, வேறு எதுவும் கிடையாது. நம் டிரெயினருக்கு அது போதாதா?

இவ்வளவு தொல்லையையும் ஏன் சகிக்கிறேன் என்றால், நீடில், எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு. குளோ பிளக்கை ஒன்றரை வோல்ட்டில் பழுக்கவைத்து ஸ்டார்ட் செய்த பிறகு பேட்டரியைக் கழற்றிவிடலாம். அதற்குப் பிறகு பிளாட்டினக் கம்பியின் மேல் மெத்தனால் பட்டுப் பட்டு, அந்த வினையின் சூட்டிலேயே கம்பி கனன்றுகொண்டிருக்கும். தீப்பொறி கிடையாது, டைமிங் கிடையாது. உங்கள் கையில் இருப்பது நீடில் ஒன்றுதான். முழு த்ராட்டில் வைத்து நீடிலைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினால் தொண்டை கட்டிய குரல் தெளிந்து ஏறும். இன்னும் மூடினால் ஒரு இடத்துக்கு மேல் ஏறாது, தொய்யும். அங்கிருந்து இரண்டு மூன்று கிளிக் திறக்க வேண்டும். அப்புறம் விமானத்தின் மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும். சத்தம் கொஞ்சம் கூர்மையாகி அப்படியே நின்றால் சரி. தொய்ந்தால் இன்னொரு கிளிக் திற. மார்கழிக் குளிரில் காற்று அடர்த்தி, நீடில் திறக்கக் கேட்கும். சித்திரையில் மூடக் கேட்கும். போன வாரம் சரியாக இருந்த இடம் இந்த வாரம் சரியாக இருக்காது. நான் ஒரு கிளிக் திறந்து வைத்துவிட்டு நிமிர்ந்தால், எப்போதும் வேலியோரம் ஆடு மேய்க்கும் பெரியவர், "இப்பத்தான் ஒழுங்கா கத்துது" என்கிறார். அவருக்கே காது பழகிவிட்டது. மோட்டார் ஓடும்போது அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பாதுகாப்பு பற்றி ஒன்று. குளோ ப்ராப்பில் விரல் பட்டாலும் வெட்டும், தையல் போட வேண்டி வரும், சந்தேகமில்லை. ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஊருக்கே தெரியும். எலெக்ட்ரிக் சத்தமில்லாமல் காத்திருக்கும். பேட்டரியைச் சொருகிய நொடியிலிருந்து, த்ராட்டில் ஸ்டிக்கில் சட்டை நுனி பட்டால்கூடச் சுழலும். விரலில் இடித்தால் குளோ பெரும்பாலும் நின்றுவிடும்; மோட்டார் நிற்காது, இன்னும் கரண்டை இழுத்துத் தள்ளும். கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரில், மோட்டாரைச் சுழலவிடாமல் தடுக்கும் த்ராட்டில் கட் சுவிட்ச் போடாமல் பேட்டரியைத் தொடாதே, தம்பி.

தீர்ப்பு கேட்டான் அல்லவா? எலெக்ட்ரிக் வாங்கு. பழகுகிற காலத்தில் அணையாத மோட்டார்தான் வேண்டும். நீடில் கற்றுக்கொள்வதும் பறக்கக் கற்றுக்கொள்வதும் ஒரே சமயத்தில் வேண்டாம், இரண்டும் வராது. முதலில் 3எஸ் பேட்டரியில் ஓடும் நுரை விமானமாகப் பார், உடைந்தால் ஒட்டிக்கொள்ளலாம். மிச்சப்படும் காசை நல்ல ரேடியோவில் போடு, அது அடுத்த பத்து விமானத்துக்கும் வரும். பறக்கவிடும் இடம் அனுமதி கேட்காமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலமா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டுப் போ. மதிப்பெண் போடச் சொன்னால் எலெக்ட்ரிக்குக்குப் பத்துக்கு எட்டரை, குளோவுக்கு ஆறு.

என் எலெக்ட்ரிக் டிரெயினரை விற்கப்போகிறேன். மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி, இறக்கை வால் மடல்களை அசைக்கும் செர்வோ எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன, இறக்கையில் ஒரு ஒட்டு மட்டும் உண்டு. இந்தத் தம்பி ஒரு வருடம் கழித்துக் கேட்டால் அவனுக்கு முதல் உரிமை, அதற்குள் வேறு யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன். பேட்டரி மூன்றும் சும்மாவே தருகிறேன், ஹெட்லைட் பல்பு செட்டும் சேர்த்து. அதில் ஒரு பேட்டரி லேசாக உப்ப ஆரம்பித்திருக்கிறது, அதைக் கணக்கில் வைக்க வேண்டாம்.